மரம் வளர்கிறது, பேப்பர் முடியவில்லை

கேள்வி:

நான் கொக்குவிலில் இருக்கிறேன். உயிரியல் பிரிவு. உயர்தரப் பரீட்சை (ஏ.எல்) இரண்டாம் தரம் எடுக்கப் போகிறேன். முதல் தரம் பௌதிகவியலில் எஸ், அதாவது சாதாரண சித்திதான் வந்தது. இந்த முறை மனம் சிதறாமல் படிக்க வேண்டும் என்று போனில் ஃபொரஸ்ட், பொமொடோரோ டைமர், நோஷன், அன்கி, கூகிள் கலண்டர் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். போனைத் தொடாமல் இருந்தால் திரையில் மரம் வளரும் அந்த ஃபொரஸ்டில் இதுவரை 312 மரம் வளர்த்துவிட்டேன். ஆனால் பௌதிகவியல் பாஸ்ட் பேப்பர் செய்தால் இரண்டாம் பேப்பரில் ஐந்தாவது கேள்வியோடு நேரம் முடிந்துவிடுகிறது. ரியூசன் நோட்ஸ் எல்லாம் வட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது, அதனால் போனை ஒரேயடியாக விடவும் முடியாது. அம்மா என் கையில் போனைக் கண்டாலே ஏசுகிறா. பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இவற்றைவிட நல்ல அப் ஏதாவது இருந்தால் சொல்லுங்கோ ஐயா.

உளவளத்துணையாளரின் பதில்:

பிள்ளை, உம்முடைய கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 312 தான். ஒரு மரத்துக்கு 25 நிமிடம் என்று வைத்தால் 130 மணித்தியாலம். லேசான காரியமில்லை. அவ்வளவு நேரம் போனில் கை வைக்காமல் இருந்த ஒருவருக்கு மனத்தை ஒருமுகப்படுத்தத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். அதனால் நீர் கேட்டதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நான் ஒன்று கேட்கிறேன். அந்த 130 மணித்தியாலமும் மேசையில் என்ன நடந்தது?

ஃபொரஸ்டுக்கு ஒரேயொரு விஷயம்தான் தெரியும். குறித்த நேரம் முடியும் முன் நீர் வேறு செயலிக்குப் போனால் மரம் பட்டுப்போகும். போகாவிட்டால் வளரும். அந்த நேரத்தில் நீர் கணக்குச் செய்தீரா, நோட்ஸுக்கு மஞ்சள் கோடு போட்டீரா, முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தீரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மூன்றுக்கும் ஒரே மரம்தான். என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் "இருந்து என்ன செய்தனீர்?" என்று கேட்டால் அனேகமாக வரும் பதில் "வாசிச்சனான்". உம்முடைய பதிலும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னித்துக்கொள்ளும்.

வாசிப்பதில் பிழையில்லை. முதல் தடவை படிக்கும்போது வேறு வழியும் இல்லை. ஆனால் இரண்டாம் தரம் எடுக்கிற உமக்கு அந்த நோட்ஸ் புதிதல்லவே. நாலாம் தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்தத் "தெரிந்த மாதிரி" தான் பரீட்சை மண்டபத்தில் ஆளைக் கவிழ்க்கிறது. 2006 இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சில பந்திகளை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதையே திரும்பவும் வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது தலைகீழாகிவிட்டது. மூடிவைத்து எழுதியவர்களுக்குத்தான் கூட ஞாபகம் இருந்தது. உமக்கு இருப்பதோ ஐந்து மாதம். நீர் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே மரத்தை எண்ணுவதை விடும். இனி ஒரு நாளுக்கு ஒரு எண் போதும்: கொப்பியை மூடிவைத்து எழுதி முடித்த கேள்விகள் எத்தனை? பாதியில் நின்ற கேள்வி கணக்கில் சேராது. புள்ளித் திட்டத்தை வைத்துத் திருத்தாத கேள்வியும் சேராது. சி.ஆர் கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் திகதியையும் அந்த எண்ணையும் எழுதிக்கொண்டு வாரும். முதல் கிழமை வெட்கமாக இருக்கும், மூன்று மணித்தியாலம் இருந்தும் நாலு கேள்விதானா என்று. இருக்கட்டும்.

அப்புறம் அந்தத் தக்காளி. இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்பவர் 1980களின் இறுதியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை என்று, குசினியில் பாவிக்கிற தக்காளி வடிவ மணிக்கூடு ஒன்றைத் திருகி வைத்துப் படித்தார். பொமொடோரோ என்றால் அவர்களுடைய மொழியில் தக்காளி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. புத்தகத்தைத் திறக்கவே மனமில்லாத ஆளைக் கதிரையில் இருத்துவதற்கு இது நல்ல வழி. நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கதிரையில் இருந்த பிறகு என்ன என்று அந்தத் தக்காளிக்குத் தெரியாது.

உம்முடைய பேப்பரை எடுத்துப் பாரும். பௌதிகவியல் முதலாம் பேப்பரில் 50 பல்தேர்வு, 2 மணித்தியாலம். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 செக்கன். இரண்டாம் பேப்பர் 3 மணித்தியாலம். அமைப்புக் கட்டுரை நாலும் கட்டாயம், கட்டுரையில் ஆறுக்கு நாலு, மொத்தம் எட்டுக் கேள்வி. 180 நிமிடத்தை எட்டால் பிரித்தால் ஒன்றுக்கு இருபத்திரண்டரை நிமிடம். ஒரு தக்காளிக்குள் ஒரு கேள்வி அளவெடுத்த மாதிரி அடங்குகிறது. நீர் ஐந்தாவது கேள்வியோடு நிற்கிறீர் என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம் எடுக்கிறீர். அதாவது 312 தடவை டைமர் போட்டிருக்கிறீர், ஒரு தடவைகூட அந்த டைமரைக் கேள்விக்குப் போடவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிப் பழகிய உடம்பு, நூறாவது நிமிடத்தில் தண்ணீர் கேட்கும், முதுகு கேட்கும், யன்னலுக்கு வெளியே என்ன சத்தம் என்று கேட்கும். மண்டபத்தில் ஐந்து நிமிட ஓய்வு தர ஆளில்லை.

இதை ஒரே நாளில் மாற்ற முடியாது. முதல் மாதம் ஒரு டைமருக்கு ஒரு கேள்வி. 22 நிமிடத்தில் மணி அடித்ததும் எழுதிய இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடும். பிறகு அவசரப்படாமல் மிச்சத்தை எழுதி முடித்துவிடும். கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பார்த்தாலே எங்கே நேரம் கரைகிறது என்பது தெரிந்துவிடும். அனேகமாக முதல் பகுதியில் விளக்கம் கூட எழுதுவதில்தான் கரையும். இரண்டாம் மாதம் இரண்டு கேள்வி சேர்த்து 45 நிமிடம், இடையில் எழும்புவதில்லை. மூன்றாம் மாதம் நாலு கேள்வி, ஒன்றரை மணித்தியாலம். நாலாம் மாதத்திலிருந்து கிழமைக்கு ஒருநாள், காலையில், முழு மூன்று மணித்தியாலம். ஒரு கணக்கின் நடுவில் இருக்கும்போது ஓய்வு மணி அடித்தால் எழும்ப வேண்டாம். பிடிபட்டுவரும் கணக்கை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து பிடிக்கப் பத்து நிமிடம் போகும்.

டைமர் போனில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கையில் கட்டுகிற மணிக்கூடு போதும், மண்டபத்துக்குள் அதுதான் உம்மோடு வரும். "கணக்குப் பார்க்கப் போன் தேவை" என்றும் சொல்ல வேண்டாம். பௌதிகவியல் பேப்பருக்குக் கணிப்பான் கிடையாது என்பது உமக்கே தெரியும்.

அன்கியை வைத்துக்கொள்ளும். நீர் போட்டு வைத்திருப்பவற்றில் உம்மிடம் கேள்வி கேட்கிற செயலி அது ஒன்றுதான். மறக்கப் போகிற நேரம் பார்த்துத் திரும்பக் கேட்பது அதன் வேலை. மறதிக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர் தன்னையே சோதித்து 1885 இலேயே எழுதிவிட்டார். செயலி அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இரசாயனவியலில் எந்த அயனுக்கு என்ன நிற வீழ்படிவு என்பதற்கும், உயிரியலில் பெயர்களுக்கும் இது மிகவும் உதவும். பௌதிகவியல் கணக்குக்கு உதவாது. யாரோ செய்து வைத்த ஆயிரக்கணக்கான கேள்வி அட்டைகளை இறக்கியிருந்தால் அழித்துவிடும். இரண்டு நாள் விட்டால் நானூறு அட்டை வரிசையில் நிற்கும், மூன்றாம் நாள் அந்தப் பக்கமே போகமாட்டீர். பாஸ்ட் பேப்பரில் உமக்குப் பிழைத்ததை மட்டும், உம்முடைய வசனத்தில், ஒரு நாளைக்குப் பத்து அட்டை. பஸ்ஸில் ரியூசனுக்குப் போகும்போது பார்க்கலாம்.

திட்டமும் அட்டவணையும் போடுகிற நோஷனை அழியும். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. வேலை செய்கிறவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். மூன்று பாடம் படிக்கிற பிள்ளைக்கு ஒற்றை றூல் பேப்பரில் அடங்காத திட்டம் என்ன இருக்கிறது? ஒரு ஆசிரியர் வகுப்பைப் புதனிலிருந்து வெள்ளிக்கு மாற்றினால் நீர் ஒரு பின்னேரம் முழுக்க நிறம் மாற்றிக்கொண்டிருப்பீர். வகுப்பு நேரங்களுக்குக் கலண்டர் போதும்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிழமைக்கு இதைக் கவனித்துப் பாரும்: புதுச் செயலி தேட வேண்டும், அட்டவணையைத் திருத்த வேண்டும் என்று உமக்குத் தோன்றுவது எந்தப் பாடப் புத்தகம் திறந்திருக்கும்போது? தோன்றிய நேரத்தில் முன்னால் இருந்த கேள்வியின் இலக்கத்தைக் கொப்பி ஓரத்தில் எழுதும். கிழமை முடிவில் அந்த இலக்கங்களைப் பார்த்தால் ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன்.

நான் ஏ.எல் எடுத்தது 1990களின் தொடக்கத்தில், குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில். பயப்பட வேண்டாம், ஜாம் போத்தல் விளக்கில் படித்த பெருமையை உம்முடைய மாமாமார் ஏற்கெனவே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது, அதனால் போத்தலில் ஊற்றிய எண்ணெய்தான் எங்களுடைய டைமர். அது முடிந்தால் படிப்பும் முடிந்தது. ஒரு சொட்டும் வீணாக்கக் கூடாது. அப்படியிருந்தும் எனக்குப் பிடிக்காத சேதன இரசாயனத்தை எடுத்த நாளெல்லாம், திரியை வெட்டுவேன், போத்தலின் கரியைத் துடைப்பேன், சுடரைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பேன். கால் மணித்தியாலம் போய்விடும். செயலி இல்லாத காலத்திலும் செட்டிங்ஸ் இருந்தது, பிள்ளை.

அது சோம்பல் இல்லை, பயம். போன முறை எஸ் வந்த பாடம், கூடப் படித்தவர்கள் இப்போது கம்பஸில், கம்பஸுக்கான யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளி எந்த உயரத்தில் நிற்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் இவ்வளவும் சேர்ந்து திறக்கிறது. மனம் ஓடத்தான் பார்க்கும். ஓடிப்போய் ஒளிய நல்ல இடம், படிப்பு மாதிரியே தெரிகிற வேலை. டிக்டொக் பார்த்தால் குற்ற உணர்வு வரும், அட்டவணை போட்டால் வராது. இதற்கு நான் கண்ட ஒரே வழி, பயப்படுகிற அலகில் மிகப் பழைய, மிக லேசான கேள்வி ஒன்றை எடுத்து அன்றைய முதல் வேலையாகச் செய்வது. ஒன்றுதான். சரிவந்தால் அடுத்த நாள் இரண்டு. இதையும் மீறி நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், அழுகை வந்துகொண்டிருந்தால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், அல்லது பக்கத்து அரச வைத்தியசாலையில் மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போகலாம்.

சரி, போன். நோட்ஸ் அதில்தான் வருகிறது என்பது உண்மை. ஆனால் நோட்ஸ் வருவது ஒரு நாளில் இரண்டு தடவை, நீர் பார்ப்பது நாற்பது தடவை. குழுக்கள் எல்லாவற்றையும் "எப்போதும்" என்று சத்தமில்லாமல் போட்டுவிடும். மத்தியானம் ஒருமுறை, இரவு ஒருமுறை போய்ப் பாரும், வந்ததை இறக்கும். கிழமைக்கு ஒருநாள் சந்தியில் உள்ள கொமினிகேசனில் கொடுத்து பிரிண்ட் எடுத்துக்கொள்ளும். செலவு இருக்கிறது, தெரியும். நாலு பேர் சேர்ந்து ஒரு பிரதி எடுத்துப் போட்டோக் கொப்பி அடித்தால் குறையும். தாளில் இருக்கிற நோட்ஸிலிருந்து யூரியூப்புக்கு வழி இல்லை.

அன்ரொய்ட் போன் என்றால் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இருக்கும், அதற்குள் ஃபோகஸ் மோட். எந்தச் செயலிகள், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று ஒருமுறை கொடுத்தால் அந்த நேரம் வந்ததும் அவை தாமாகச் சாம்பல் நிறமாகித் திறக்காமல் நிற்கும். ஐபோனில் ஸ்கிரீன் டைம். ஒருமுறை போட்டால் பிறகு கை வைக்கத் தேவையில்லாதது என்பதால் இதை எனக்குப் பிடிக்கும்.

இதற்கும் மேலே ஒன்று, போனை அடுத்த அறையில் வைப்பது. 2017 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் போனை மேசையில் வைத்தவர்கள், பையில் வைத்தவர்கள், வேறு அறையில் வைத்தவர்கள் என்று பிரித்துச் சோதித்தார்கள். போன் சத்தம் போடாமல் கிடந்தபோதும் வேறு அறையில் வைத்தவர்களே நன்றாகச் செய்தார்கள். பின்னர் மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எழும்பிப் போய் எடுக்க வேண்டும் என்றால் பாதித் தடவை எடுக்கமாட்டோம் என்பதற்கு ஆராய்ச்சி தேவையா? சாமியறையில் வையும். அங்கே போய் நின்று டிக்டொக் பார்க்க யாருக்கும் மனம் வராது. வீட்டில் அதற்கும் வசதியில்லாவிட்டால் பொது நூலகத்துக்குப் போய், பல்தேர்வுப் பேப்பர் ஒன்றையும் மணிக்கூட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு வாசிப்பு மண்டபத்தில் இரும். போன் வீட்டிலேயே கிடக்கட்டும்.

அம்மாவுக்கு வருவோம். அவவின் இடத்தில் இருந்து பாரும். நீர் அன்கி பார்க்கிறீரா, வேறேதும் பார்க்கிறீரா என்று தூரத்திலிருந்து அவவுக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரிவது குனிந்த தலையும் போன் வெளிச்சமும்தான். நீரே போய்ச் சொல்லும்: "அம்மா, நாலு மணியிலிருந்து ஏழு மணிவரைக்கும் போன் உங்களிட்டத்தான். நான் கேட்டாலும் தர வேண்டாம். அந்த நேரம் என்னைக் கடைக்கு அனுப்ப வேண்டாம், படிச்சு முடிஞ்சுதோ எண்டு கேட்கவும் வேண்டாம்." ஏச்சு ஒரேயடியாக நிற்காது. இரண்டு கிழமை சொன்னபடி நடந்தால் குறையும். கொப்பியின் கடைசிப் பக்கத்தை இடைக்கிடை அவவுக்குக் காட்டும். மரத்தைவிட அது அவவுக்கு நன்றாக விளங்கும்.

நீர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோயில் ஒலிபெருக்கியும் திருவிழாவும் வரும்போது காதில் பாட்டுப் போட்டு அடைக்க வேண்டாம். பல்தேர்வை அந்தச் சத்தத்துக்குள்ளேயே செய்து பாரும். பரீட்சை மண்டபத்திலும் காகம் கத்தும், கூரைத் தகட்டில் மழை கொட்டும். மழைக்காலத்தில் கரண்ட் போகும், போன் சார்ஜ் இருக்காது. 2024 நவம்பரில் வெள்ளத்தால் பரீட்சையே இடையில் சில நாள் நின்றது. எந்தக் கலண்டரிலும் அது முன்கூட்டி இருக்கவில்லை. ஆகவே கிழமையில் ஒரு பின்னேரத்தை ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விடும். பிந்தியது எல்லாம் அதற்குள் போகும். ஒன்றும் பிந்தாவிட்டால் படுத்து நித்திரை கொள்ளும்.

ஃபொரஸ்டை அழிக்கச் சொல்லவில்லை. 312 மரத்தை வெட்ட எனக்கும் மனம் வரவில்லை. ஆறு கிழமை கழித்து எனக்கு ஒருமுறை எழுதும். மரக்கணக்கு வேண்டாம். இரண்டாம் பேப்பரில் மணி அடித்தபோது எத்தனையாவது கேள்வியில் நின்றீர் என்பதையும், கொப்பி ஓரத்தில் அதிகம் வந்த அலகு எது என்பதையும் மட்டும் எழுதும்.